மோட்டாரை மாற்றும் முன் ஒரு வாளியை எடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறுதான். அதில் ஒரு எச்பி நீர்மூழ்கி மோட்டார். மோட்டார் அறையில் 60 லிட்டர் பிரஷர் டேங்க், பக்கத்திலேயே பிரஷர் சுவிட்ச். தண்ணீர் அழுத்தம் 2 பாருக்கு இறங்கினால் மோட்டார் போடும், 3.5 பாருக்கு ஏறினால் அணையும். ஐந்தாறு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது சில மாதங்களாக ஷவரைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது, உடனே சோர்ந்து போகிறது, மறுபடி சீறுகிறது. பத்து நொடிக்கு ஒரு தரம் மோட்டார் அறையில் 'டக்' என்ற சத்தம். மாடியில் இன்னும் மோசம். அது போதாதென்று, காலையில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து வாஷிங் மெஷினும் ஓடினால், அரை மணி நேரத்தில் தண்ணீர் நூலாகிவிடுகிறது. குழாய் காற்றும் தண்ணீருமாக இருமுகிறது. ஒரு மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். நடு இரவில் யாரும் குழாயைத் தொடாதபோதும் மோட்டார் தானாக ஓடி நிற்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், "மோட்டாருக்குத் தெம்பு போச்சு, ஒன்றரை எச்பி போட்டுடலாம்" என்கிறார். என் கணவரும் சரி என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இப்போதைக்காவது வேண்டாம். பிரஷர் கேஜின் முள்ளை 3.5 பார் வரை ஏற்றிவிட்டு அணைகிற மோட்டாருக்குத் தெம்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? தெம்பு போன மோட்டார் என்றால், குழாய்களை எல்லாம் மூடிய பிறகும் முள் 2.5, 2.8 என்று எங்கேயாவது தொங்கிக்கொண்டு நிற்கும். மோட்டார் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுடையது மின்னல் வேகத்தில் ஏற்றிவிட்டு அணைகிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒன்றல்ல, மூன்று நோய்கள் இருக்கின்றன. பத்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவது ஒன்று. காலையில் அரை மணி நேரத்துக்குப் பிறகு மெலிந்து இருமுவது இன்னொன்று. இரவில் தானாக ஓடுவது மூன்றாவது. மூன்றும் ஒரே சமயத்தில் வந்ததால் ஒரே காரணம் என்று மெக்கானிக் நினைத்துவிட்டார். இதில் முதல் இரண்டுக்கும் பெரிய மோட்டார் நேர்மாறான மருந்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சோதனை.

ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மோட்டார் 3.5-க்கு ஏறி அணையும் வரை காத்திருங்கள். டேங்குக்குப் பக்கத்தில் தண்ணீரை வடிக்கவென்று ஒரு சின்னக் குழாய் இருக்கும். இல்லாவிட்டால் மோட்டார் அறைக்கு அருகில், ஃபில்டருக்கு முன்னால் உள்ள எந்தக் குழாயானாலும் சரி. அதை வாளிக்குள் திறந்துவிடுங்கள். 'டக்' என்று சுவிட்ச் விழுந்து மோட்டார் ஓடத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். வாளியில் எத்தனை லிட்டர் விழுந்தது? எழுதிக்கொள்ளுங்கள். குழாயை மூடியதிலிருந்து மோட்டார் திரும்ப அணைவதற்கு எத்தனை நொடி ஆனது? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எண் உங்கள் டேங்கின் நாடி. 60 லிட்டர் டேங்க் என்றால் 60 லிட்டர் தண்ணீர் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். தராது. உள்ளே பெரும்பகுதி காற்றுதான். காற்று சரியாக இருக்கும் 60 லிட்டர் டேங்க், 3.5-லிருந்து 2-க்கு இறங்குவதற்குள் சுமார் 19 லிட்டர் தரும். அதுதான் அதன் முழுத் திறன். உங்கள் வாளியில் 19 விழுந்தால் நான் சொல்வது தவறு, டேங்க் நன்றாக இருக்கிறது. ஆனால் விழாது என்று நினைக்கிறேன். உங்கள் ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் எடுக்கிறது, மோட்டார் 40 லிட்டர் தருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், பத்து நொடிக்கு ஒரு சுற்று என்பது டேங்குக்குள் ஒன்றே கால் லிட்டர்தான் ஏறி இறங்குகிறது என்று காட்டுகிறது. 60 லிட்டர் டேங்க் ஒரு சொம்பளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஏன் சுருங்கியது? தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. மோட்டார் தண்ணீரைத் தள்ளும்போது காற்று அமுங்கி இடம் விடுகிறது. மோட்டார் அணைந்த பிறகு அந்தக் காற்றுதான் விரிந்து, தண்ணீரை உங்கள் ஷவருக்குத் தள்ளுகிறது. மோட்டாருக்கு ஓய்வு தருவதே இந்தக் காற்றுதான். சைக்கிள் டயரைப் போல இதுவும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். இல்லையென்றால் ரப்பர் பை கிழிந்து காற்றுப் பக்கமும் தண்ணீர் புகுந்துவிடும். எப்படியானாலும் டேங்க் முழுக்கத் தண்ணீராகிவிட்டால் அமுங்குவதற்கு ஒன்றும் இல்லை. மோட்டார் போட்டதும் முள் சட்டென்று 3.5-க்குத் தாவுகிறது, அணைந்ததும் சட்டென்று 2-க்கு விழுகிறது. நீங்கள் ஷவரில் பார்க்கும் சீறலும் சோர்வும் இதுதான்.

மாடியில் ஏன் மோசம் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் குறையும். ஷவர் நாலு மீட்டர் மேலே இருந்தால் அங்கே அழுத்தம் 1.6-க்கும் 3.1-க்கும் நடுவில் ஆடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

சரி, இனி காற்றைப் பார்க்கும் முறை. இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்திருக்கிறேன். டேங்கில் தண்ணீர் இருக்கும்போதே மேலே உள்ள வால்வில் டயர் கேஜை வைத்து, 2.4 பார் காட்டியதைப் பார்த்து, "காற்று அருமையா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை அந்தக் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான். காற்று துளியூண்டு இருந்தாலும் அதே எண்ணைக் காட்டும். அடுத்த மாதமே அந்த வீட்டு மோட்டார் கருகிவிட்டது.

அதனால் முதலில் மோட்டாருக்கான எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்குங்கள். யாரும் தெரியாமல் தூக்கிவிடாதபடி அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பிறகு வடிகுழாயைத் திறந்து, முள் சைபருக்கு வந்து தண்ணீர் முழுக்க நிற்கும் வரை விடுங்கள். தண்ணீர் நின்ற பிறகும் முள் சைபருக்கு வராமல் எங்கோ நின்றால் கேஜே பழுது. அதை நம்பி இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம் டேங்க் தலையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், கார் டயரில் இருப்பதைப் போன்ற வால்வு தெரியும். அதன் ஊசியை நகத்தால் ஒரு நொடி அமுக்குங்கள். காற்று வந்தால் நல்ல செய்தி. தண்ணீர் வந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது, காற்றடிப்பதில் பயனில்லை. பை மட்டும் மாற்றக்கூடிய டேங்க் என்றால் பையை மாற்றலாம், இல்லையென்றால் டேங்கையே மாற்ற வேண்டும். எதுவுமே வராவிட்டால் காற்று முழுக்கத் தீர்ந்துவிட்டது. அடித்துப் பார்த்துத்தான் பையின் நிலைமை தெரியும்.

எவ்வளவு காற்று வேண்டும்? மோட்டார் போடும் அழுத்தத்துக்கு 0.15 பார் குறைவாக. உங்களுக்கு 2 பார் என்பதால் 1.85. டயர் கேஜ் பெரும்பாலும் பிஎஸ்ஐ-யில் காட்டும், அதில் 27. சைக்கிள் பம்பே போதும், ஆனால் காலியான 60 லிட்டர் டேங்குக்கு அடித்து முடிப்பதற்குள் தோள்பட்டை வலித்துவிடும். சின்ன கம்ப்ரஸர் கிடைத்தால் நல்லது. அடிக்கும்போது வடிகுழாய் திறந்தே இருக்கட்டும். பையில் மிச்சமிருக்கும் தண்ணீர் வெளியேறும்.

அதிகமாக அடித்தால் இன்னும் நல்லதுதானே என்று 2.5-க்கு ஏற்றிவிடாதீர்கள். மோட்டார் போடும் அழுத்தத்தைவிடக் காற்று அதிகமானால், சுவிட்ச் விழுவதற்கு முன்பே டேங்க் காலியாகிவிடும். அந்த இடைவெளியில் தண்ணீர் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஒரு ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யப் போய் வேறொன்றை வரவழைத்துக்கொள்வீர்கள்.

காற்றடித்து முடித்த பிறகு வால்வில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் உள்ளே உள்ள ஊசிவால்வை மாற்றினால் போதும், சின்ன வேலை. வடிகுழாயை மூடி, எம்சிபியைத் தூக்கி, வாளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது 19-ஐ ஒட்டி வந்தால் ஷவர் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வாளியை வையுங்கள். அப்போது எண் குறைந்திருந்தால் பையில் ஊசித்துளை இருக்கிறது.

டேங்க் சரியான பிறகுதான் அந்த இரண்டாவது எண்ணுக்கு மதிப்பு. லிட்டரை நொடியால் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்: 19 லிட்டர் ஏற 28 நொடி ஆனால், மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் தருகிறது. இதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மோட்டாருக்குத் தெம்பு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

இன்னொன்றும் தெரியவரும். ஒரு மோட்டார் ஒருமுறை போட்டால் ஒரு நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும் என்பது இந்த அளவு மோட்டார்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி. 40 லிட்டர் தரும் மோட்டாருக்கு 40 லிட்டர் வாங்கிக்கொள்ளும் டேங்க் வேண்டும் என்று ஆகிறது. உங்கள் அழுத்த அளவுகளில் அது சுமார் 125 லிட்டர் டேங்க். ஆக, உங்களுக்கு வைத்த 60 லிட்டர் டேங்க் முதல் நாளிலிருந்தே சின்னது. ஆறு வருடம் ஓடியது உங்கள் அதிர்ஷ்டம். பை கிழிந்து மாற்றத்தான் வேண்டும் என்றால் பெரியதாகவே வையுங்கள். பை நன்றாக இருந்தால், பக்கத்தில் இன்னொரு 60 லிட்டர் டேங்கை இணைத்து, இரண்டிலும் ஒரே அளவு காற்று வைத்தாலும் சரிதான்.

இங்கேதான் ஒன்றரை எச்பி கதைக்கு வருகிறேன். காற்றில்லாத டேங்கில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளும் மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? முள் இன்னும் வேகமாகத் தாவும். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்சாரத்தை ஒரு கணம் இழுக்கும். அந்தச் சூடு சுருளில் தங்கும். ஒரு எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை ஒரு நாளைக்கு 100 முறைக்கு மேல் போடாதீர்கள் என்று சொல்லும் கையேடுகள் உண்டு. பத்து நொடிக்கு ஒருமுறை என்றால் கால் மணி நேரக் குளியலுக்கே 90 முறை. ஒருவர் குளித்து முடிப்பதற்குள் ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. உங்கள் பழைய மோட்டார் இன்னும் கருகாமல் இருப்பதே ஆச்சரியம். புதிய மோட்டாரை இதே டேங்கில் மாட்டுவது, அதையும் அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

டேங்கைப் பார்க்கும்போதே சுவிட்சையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். எம்சிபி இறங்கியிருக்கும்போது மட்டும். மூடியைக் கழற்றினால் உள்ளே தொடுமுனைகள் தெரியும். அவை கருகிக் குழிவிழுந்திருந்தால் சுவிட்சையே மாற்றுவது உத்தமம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது சில வாரத்துக்குத்தான் தாங்கும். எறும்புகளையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், தொடுமுனைகளுக்கு நடுவில் எறும்பு நசுங்கி, சுவிட்ச் சரியாகப் பிடிக்காமல் துடித்த வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். சுவிட்சைத் தாங்கி நிற்கும் விரல் பருமனுள்ள சின்னக் குழாய்தான் முக்கியமான இடம். துருவும் வண்டலும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், குழாயில் அழுத்தம் மாறி வெகு நேரம் கழித்துத்தான் சுவிட்சுக்குச் செய்தி போகும். அப்போது முள் 2-க்குக் கீழே 1.5 வரை இறங்கி, 4 வரை ஏறும்.

சுவிட்சுக்குள் இரண்டு நட்டுகள் இருக்கும். பெரும்பாலான மாதிரிகளில் பெரியதைத் திருப்பினால் போடும் அளவு, அணையும் அளவு இரண்டும் சேர்ந்து நகரும். சின்னதைத் திருப்பினால் அணையும் அளவு மட்டும். ஏற்ற இறக்கத்தைக் குறைக்க இரண்டு எண்களையும் நெருக்கமாக வைத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். இடைவெளி குறைந்தால் டேங்க் தரும் தண்ணீரும் குறையும், மோட்டார் மறுபடி அடிக்கடி போடும். இப்போதுள்ள ஒன்றரை பார் இடைவெளி நல்ல இடைவெளி. அதைத் தொட வேண்டாம். அணையும் அளவை மோட்டாரின் சக்திக்கு மேல் ஏற்றிவைத்தால் அது அணையாமலே ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டேங்குக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வீட்டில் யாரோ நல்ல எண்ணத்தில் ஃபில்டரை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஃபில்டர் அடைய அடைய, சுவிட்ச் டேங்கைப் பார்க்காமல் ஃபில்டருக்கு முன்னால் தேங்கும் அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்தது. மோட்டார் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது. தண்ணீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வை அங்கே வைத்தாலும் இதே கதிதான். இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் ஷவரில் ஒரு மெதுவான ஏற்ற இறக்கம் இருக்கும். 2-லிருந்து 3.5 வரை போய்வருவது இந்த அமைப்பின் சுபாவம். ஒரே ஷவர் ஓடும்போது, நல்ல நிலையில் உள்ள உங்கள் டேங்க் ஏறக்குறைய இரண்டு நிமிடம் இறங்கி, 40 நொடியில் ஏறும். அழுத்தம் 2-லிருந்து 3.5-க்குப் போனால் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு கூடும். பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. கவனித்து எரிச்சல்படுகிறவர்களுக்கு எளிய வழி, டேங்குக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் குழாயில் ஒரு பிரஷர் குறைப்பு வால்வை மாட்டி, 2 பாரை ஒட்டி வைப்பது. டேங்க் என்ன ஆட்டம் ஆடினாலும் வீட்டுக்குள் கிட்டத்தட்ட 2 பார்தான் வரும். வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகைக் கட்டுப்பாட்டுக் கருவி இதைவிட நேர்த்தியானது. ஆனால் ஊற்று நன்றாக உள்ள கிணற்றுக்குத்தான் அதை நான் சொல்வேன், உங்களுக்கு இப்போது சொல்ல மாட்டேன்.

காரணம் உங்கள் இரண்டாவது நோய். காலையில் நூலாக இறங்குவதும் இருமுவதும்.

குழாய் எப்போது இருமுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. மோட்டார் போடும் ஒவ்வொரு முறையும் முதல் சில நொடி மட்டும் காற்று வந்தால், கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் ஓட்டை. மோட்டார் நின்றிருக்கும்போது தண்ணீர் வழிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கும். உங்களுக்கு அரை மணி நேரம் ஓடிய பிறகு வருகிறது, கொஞ்ச நேரம் விட்டால் போய்விடுகிறது. அப்படியென்றால் கிணற்றில் தண்ணீர் மட்டம் மோட்டாரின் வாய் வரை இறங்கிவிடுகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் கிணறு ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு அதில் பதினேழரை லிட்டர்தான் பிடிக்கும். மோட்டாருக்கு மேலே 20 மீட்டர் தண்ணீர் நின்றால் கையிருப்பு 350 லிட்டர். ஊற்று நிமிடத்துக்கு 15 லிட்டர் தருகிறது, காலையில் வீடு 25 லிட்டர் செலவழிக்கிறது என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர் துண்டு விழுகிறது. 35 நிமிடத்தில் கையிருப்பு காலி. செலவை நிறுத்தினால் அதே ஊற்று அரை மணி நேரத்துக்குள் திரும்ப நிரப்பிவிடும். எண்கள் என் ஊகம்தான், ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. இருமுவதற்கு முன்பே தண்ணீர் மெலிவதும் இதனால்தான்: மட்டம் 20 மீட்டர் இறங்கினால் மோட்டார் 20 மீட்டர் கூடுதலாகத் தூக்க வேண்டும், அதற்கே 2 பார் போய்விடுகிறது.

பெரிய மோட்டார் ஊற்றைப் பெரிதாக்காது. ஓடும்போதெல்லாம் நிமிடத்துக்கு 60 லிட்டராக உறிஞ்சி, மட்டத்தை இன்னும் சீக்கிரம் கீழே கொண்டுவரும். கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது இல்லாமல் வெறும் காற்றில் சுற்றினால் மோட்டார் ரொம்ப நேரம் தாங்காது.

ஆனாலும் கிணற்றின்மேல் பழியைப் போடுமுன் ஃபில்டரை விலக்கிவிடுங்கள். ஒரு விடுமுறை நாளில், மதியம் யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில், ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாயைத் திறந்து, தண்ணீரைச் செடிக்கு விட்டபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாளி நிரம்ப எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாய் இருமத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அங்கேயும் நேரம் கூடிக்கொண்டே போனால் கிணறுதான். அங்கே சீராக வந்து, வீட்டுக்குள் மட்டும் மெலிந்தால் ஃபில்டர் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். அப்போது உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்.

கிணறுதான் என்றால், முதல் வேலை மோட்டாரைக் காப்பாற்றுவது. தண்ணீர் தீர்ந்ததும் தானாக அணைக்கும் டிரை ரன் ரிலே ஒன்றை பேனலில் மாட்டச் சொல்லுங்கள். மோட்டார் வெறுமனே சுற்றும்போது எடுக்கும் மின்சாரம் குறையும். அதைக் கண்டு ரிலே அணைத்து, குறித்த நேரம் கழித்துத் திரும்பப் போடும். இது தண்ணீரைக் கூட்டாது, மோட்டாரின் ஆயுளைக் கூட்டும். கிணற்றுத் தலையில் உள்ள கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, மோட்டார் இழுப்பதை ஊற்றின் அளவுக்குக் குறைப்பது இன்னொரு வழி. மலிவானது, ஆனால் காலை நேரத்து அவசரத்துக்கு உதவாது.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால், வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கிணற்று மோட்டாரின் வேலை ஒரு 1,000 லிட்டர் தொட்டியை நிரப்புவது மட்டும். டைமரும் மிதவை சுவிட்சும் வைத்து, விட்டு விட்டு, ஊற்றுக்கு மூச்சு விட நேரம் கொடுத்து நிரப்பட்டும். தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு சின்ன பூஸ்டர் பம்பும், நீங்கள் சரிசெய்த அந்த பிரஷர் டேங்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றாலும் ஒரு நாளைக்கு 20,000 லிட்டருக்கு மேல் வருகிறது. தண்ணீர் இல்லாமலில்லை, கேட்கும் வேகத்தில் வருவதில்லை, அவ்வளவுதான். தொட்டியை மாடிக்கு மேலே வைத்தால் பூஸ்டரே வேண்டாமே என்று கேட்பீர்கள். ஏற்ற இறக்கம் இருக்காது, உண்மைதான். ஆனால் ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே உள்ள தொட்டி 0.3 பார்தான் தரும். இத்தனை நாள் 2 பாரில் குளித்துப் பழகியவர்களுக்கு அது தூறல் மாதிரி இருக்கும்.

மோட்டாரை இன்னும் ஆழமாக இறக்கலாமா என்பது கிணறு எவ்வளவு ஆழம், மோட்டார் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. கீழே இடம் இருந்தால் இறக்கலாம். அடிவரை கொண்டுபோகக் கூடாது, வண்டலை உறிஞ்சும். அதை நீங்களாகச் செய்யப் பார்க்காதீர்கள். குழாயோடு தூக்கும் எடையும் ஈரத்தில் மின்சாரமும் விளையாட்டுக் காரியமல்ல. தண்ணீர் மட்டம் பார்க்கிறேன் என்று கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விடவும் வேண்டாம், மோட்டார் கேபிளில் சிக்கிக்கொள்ளும். அளக்கும் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, இரவில் தானாக ஓடுவது. மோட்டார் 3.5-க்கு ஏறி அணைந்ததும், டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் ஒழுகல் வீட்டுக்குள் இருக்கிறது. பத்தில் எட்டு வீடுகளில் நான் பார்த்தது கழிப்பறை ஃபிளஷ் டேங்கின் ரப்பர் மூடிதான். அதற்குள் கொஞ்சம் மஞ்சள் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், கீழே நிறம் இறங்கியிருப்பதிலேயே தெரிந்துவிடும். வால்வை மூடியும் முள் இறங்கினால், தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது: மோட்டார் தலையில் உள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது குழாயில் எங்கோ கசிகிறது. அதற்கு மோட்டாரை வெளியே எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்கும் நாளில் வால்வு, குழாய் இணைப்புகள், கேபிள் ஒட்டு எல்லாவற்றையும் ஒரே தரத்தில் பார்த்துவிடுங்கள், தண்ணீர் மட்டத்தையும் மோட்டார் தொங்கிய ஆழத்தையும் அளந்து மோட்டார் அறைச் சுவரில் எழுதிவையுங்கள்.

மெக்கானிக் இன்னமும் ஒன்றரை எச்பி என்றே சொன்னால், அவரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: கிணறு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது, டேங்கில் எத்தனை பிஎஸ்ஐ காற்று இருக்கிறது. இரண்டையும் அளந்து சொல்கிறவர் என்றால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் வாளியில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.